ரெய்டு: 1988-லிருந்து நம்ம வீட்டு நாஸ் வரை

1988-ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் ரெய்டு பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. 7.5 ஜிபி ஐபிஎம் 3380-க்கு பதிலா, 100 எம்பி குட்டி டிஸ்க்குகளைக் கூட்டு சேர்க்கலாம். ஒண்ணு செத்தாலும் மத்தது காப்பாத்தும்.

இன்னிக்கு வீட்டு நாஸ்ல பழைய டிஸ்க்கை ஒவ்வொண்ணா உருவிட்டு பெருசு போட முடியுதுன்னா, அந்த யோசனைதான் காரணம். புது டிஸ்க்குக்கு வேண்டியதை மத்த டிஸ்க்குகளைப் படிச்சு பெட்டியே எழுதிக்கும்.

சிக்கல் என்னன்னா, கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு வேகம் வளரலை. 2007-ல வந்த 1 டெராபைட் டிஸ்க்கை நிரப்ப சுமார் 4 மணி நேரம். இப்போ 20 டெராபைட்டுக்கு ஒரு நாளுக்கு மேல! ரெய்டு 5-ல அந்த நேரத்துல இன்னொரு டிஸ்க் போச்சுன்னா, குடும்ப போட்டோ எல்லாம் அம்பேல். அதனால, முதல்ல தனியா ஒரு காப்பி எடுங்க. அப்புறம் டிஸ்க்கை உருவுங்க.