மாஹிம்: மாநில அரசியலும் இந்திய ஒருங்கிணைப்பும்

மாஹிம், மும்பையில் தாதருக்கு வடக்கே உள்ள பகுதி. மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கினால் தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்களின் தமிழ் அங்கே பல தலைமுறையாக ஒலிக்கிறது. தென்மேற்கே சிவாஜி பார்க். 1966 ஜூன் 19இல் பால் தாக்கரே தொடங்கிய சிவசேனாவின் முதல் பெருங்கூட்டம் அங்கேதான் நடந்தது. வேலை மண்ணின் மைந்தருக்கே என்ற அந்த இயக்கத்தின் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். தமிழ்க் குடும்பங்கள் அச்சத்தோடு வாழ்ந்த காலம் அது. அதற்கு முன்பே, மராத்தி மாநிலம் கேட்டு நடந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட போராட்டத்துக்குப் பின், 1960 மே 1இல் மகாராஷ்டிரம் பிறந்திருந்தது.

குடியேறியவர்கள் மீதான இத்தகைய எதிர்ப்பை இந்தியா கையாளும் விதத்தை ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். குடியேற்றம் குறித்த மனக்குறையும் சேர்ந்து, 2016 வாக்கெடுப்பில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக முடிவெடுத்தது. இந்திய மாநிலத்துக்கு அந்த வழி இல்லை. நாட்டில் எங்கும் குடியேறும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. ஆகவே பூசல் தேர்தல் களத்துக்குள்ளேயே தீர்வு தேட வேண்டியிருக்கிறது. வந்தேறிகள் எனப்பட்டவர்களும் அங்கே வாக்காளர்கள். மாஹிமுக்கு அருகிலுள்ள சயான் கோலிவாடா தொகுதியில் 2014 முதல் தமிழரான கேப்டன் தமிழ்ச்செல்வன் பாஜக சார்பில் தொடர்ந்து மூன்று முறை வென்றிருக்கிறார்.