பில் யார் பேர்ல இருக்கு?

உஜாலான்னா நம்ம ஊர்ல சொட்டு நீலம். இந்தியில வெளிச்சம். 2015 ஜனவரி 5-ம் தேதி மத்திய அரசு தொடங்கின எல்இடி பல்புத் திட்டத்துக்குப் பின்னாடி வெச்ச பேரும் அதுதான். நான் பொட்டி தட்டுற போசரியில அந்தத் திட்டம் யாருக்கு வந்துது, யாருக்கு வரலைன்னு யோசிச்சப்போ கொஞ்சம் பழைய கதையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஆரம்பத்துல அரசாங்கத்தோட கவலை சிக்கனம் இல்லைங்க, இணைப்பு. 1988-89-ல் வந்த குடீர் ஜோதி திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த கிராமக் குடும்பங்களுக்கு ஒரே ஒரு விளக்குக்கு இணைப்பு கொடுத்துது. தமிழ்நாட்டுல குடிசைக்கு ஒரு விளக்கு இலவசம்னு இருந்ததும் இதே மாதிரிதான். எரிஞ்சது என்னவோ குண்டு பல்பு. வாங்குற மின்சாரத்துல சுமார் 5 சதவீதம் வெளிச்சம், மீதியெல்லாம் சூடு!

எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது 2001-ல். 2009-ல் 'பசத் லேம்ப் யோஜனா'. குண்டு பல்பைக் கொடுத்துட்டு 15 ரூபாய்க்கு சிஎஃப்எல் வாங்கிக்கலாம். மீதி விலையை கார்பன் கிரெடிட் வித்து எடுத்துக்கலாம்னு கணக்கு. 2012 வாக்கில் உலகச் சந்தையில கார்பன் விலை சரிஞ்சதும் கணக்கும் சரிஞ்சது.

அடுத்து வந்ததுதான் உஜாலா. இதுல மானியம் கிடையாது. ஈஈஎஸ்எல் என்ற அரசு நிறுவனம் மொத்தமா டெண்டர் விட்டு வாங்கினதுல, 2014-ல் 310 ரூபாய்க்கு வாங்கின பல்பு 2016-ல் 38 ரூபாய்க்கு வந்துது. மொத்தம் 36 கோடிக்கும் மேல விநியோகமாச்சு. 60 வாட்டுக்குப் பதிலா 9 வாட். தினம் 5 மணி நேரம் எரிஞ்சா மாசம் ஏழரை யூனிட் மிச்சம். முதல்ல 10 ரூபாய் கட்டிட்டு, மீதியை மின்கட்டணத்தோட தவணையா கட்டலாம்னும் வெச்சாங்க. நல்ல யோசனை. ஆனா அதுக்குக் கரண்ட் பில் வேணும்.

இப்போ போசரிக்கு வருவோம். எம்ஐடிசி பட்டறைகள்ல வேலை பார்க்குற வெளியூர்த் தொழிலாளிகள் நிறைய பேர் தகரக் கூரை போட்ட வாடகை அறைகள்ல இருக்காங்க. பில் ஓனர் பேர்ல. ஓனர் சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வசூலிப்பார். ஆக, திட்டம் போய்ச் சேர்ந்தது மீட்டர் வெச்சவருக்கு. விளக்குக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு வந்தது கடையில இறங்கின விலைதான். அதுவும் சின்ன விஷயமில்லை.

பல்போட முடிஞ்சா பரவாயில்லை. தகரத்துக்குக் கீழே மே மாசம் ராத்திரி முழுக்க ஓடுறது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். உஜாலாவுலயே 50 வாட் ஃபேனும் வித்தாங்க. ஆனா போனது சுமார் 23 லட்சம்தான். வாடகை அறையில யார் வாங்குவாங்க சொல்லுங்க? பில் கட்டுறது குடியிருக்கறவர், அதனால ஓனர் மாத்த மாட்டார். ஃபேன் ஓனரோடது, அதனால குடியிருக்கறவர் மாத்த மாட்டார். கூரைக்கும் இதே கதைதான்.

அமெரிக்காவுல 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம், 1976-ல் ஏழைகள் வீட்டுக்குக் குளிர் புகாம அடைச்சுக் கொடுக்குற திட்டம் கொண்டுவந்தாங்க. அதுல வாடகைக்கு இருக்கறவரும், வீட்டுக்காரர் சம்மதத்தோட விண்ணப்பிக்கலாம்.

நம்ம நாட்டுலயும் முடியாததில்லை. 2021 ஆகஸ்ட்ல வந்த உஜ்வாலா 2.0-ல, இடம்பெயர்ந்த தொழிலாளி ரேஷன் கார்டு இல்லாமலே, தானே எழுதிக் கொடுக்கிற உறுதிமொழியை முகவரிச் சான்றா வெச்சு கேஸ் இணைப்பு வாங்கலாம்னு ஆச்சு. அடுப்புக்கு நம்பின அரசாங்கம் ஃபேனுக்கு நம்பக் கூடாதா? 2024-ல் வந்த சூரிய வீடு திட்டம் மறுபடி சொந்தக் கூரை இருக்கான்னுதான் கேட்குது. போசரி அறைகள்ல இருக்கறவங்க கிட்ட இருக்கறது வாடகை ரசீது மட்டும்தான், அதுவும் ஓனர் மனசு வெச்சுக் கொடுத்தா.