வீட்டிலேயே குணமான காசநோய்

காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. நுரையீரலில் நோய் முற்றியவர் இருமும்போது தெறிக்கும் சளித்துளிகளில் பெரியவை சற்று நேரத்தில் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை ஈரம் உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி, அடைபட்ட அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றில் இருக்கும் கிருமி மூச்சோடு உள்ளே போய், நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை எட்டுகிறது. அங்குள்ள வெள்ளணுக்கள் அதை விழுங்கினாலும் அது எளிதில் சாவதில்லை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே தங்கி, ஏறக்குறைய 20 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. கிருமி தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுள் முழுக்க நோய் தலைகாட்டாது. மற்றவர்களில் பலருக்குச் சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ நுரையீரல் அரிபட்டுக் குழி விழும். அந்தக் குழிகளில் பெருகும் கிருமிதான் இருமலில் வெளியேறி அடுத்தவரைத் தேடிப் போகிறது.

இந்தக் கிருமியை மருத்துவர் ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் உலகுக்கு அறிவித்தார். அதுவரை இது பரம்பரை நோய் என்றே பலர் நம்பினர். கிருமி தெரிந்த பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கொல்ல மருந்து இல்லை. ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு ஆகியவையே வைத்தியம். அதற்கென ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தன. சென்னைக்கு அருகே டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அது நிற்கிறது.

ஸ்ட்ரெப்டோமைசின் 1940களிலும், ஐசோனியாசிட் 1952இலும் வந்தன. மருந்து கிடைத்துவிட்டது; ஆனால் நோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கை போட எந்த ஏழை நாட்டாலும் முடியாது. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் போதுமா, குடும்பத்தாருக்கு ஆபத்து இல்லையா என்ற கேள்விகளுக்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆய்வை நடத்தினார்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடவில்லை. குலுக்கல் போன்ற முறையில் முடிவானது. ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டு இருந்தனர். இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், அத்துடன் பாஸ் (PAS) என்ற இன்னொரு காசநோய் மருந்து. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்பதால்தான் இரண்டு. வீட்டில் இருப்பவர் ஒழுங்காக விழுங்குகிறாரா என்று அறிய, ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்சமுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரை வாங்கிச் சோதித்தனர்.

முடிவுகள் 1959இல் வெளியாயின. சானடோரியத்தில் 92 சதவீதம் பேரும் வீட்டில் 86 சதவீதம் பேரும் தேறியிருந்தனர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடை நன்றாகக் கூடியிருந்தது. கிருமியை ஒழித்ததோ இரு இடத்திலும் மருந்துதான். அதன் பிறகும் தொடர்ந்து, குடும்பத்தாரை மொத்தம் ஐந்து ஆண்டுகள் கவனித்ததில், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. வீட்டாருக்குத் தொற்றியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே. மருந்து தொடங்கிய சில வாரங்களில் சளியில் கிருமி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டே இந்தியா 1962இல் வீட்டுச் சிகிச்சையைத் தேசியத் திட்டமாக்கியது. பிற நாடுகள் பலவும் சானடோரியங்களைக் கைவிட்டன. நோயாளிக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்கும் வழக்கம் மட்டும் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. தட்டின் வழியே இந்த நோய் பரவாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பதே வீட்டாரைக் காக்கும். அந்தச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.