பட்டியில் அடைபட்ட பணம்: அர்ஜென்டினா, 2001–2002

2001 டிசம்பர் 3, திங்கட்கிழமை. அர்ஜென்டினாவில் அன்று வங்கிக்குச் சென்றவர்கள், கணக்கில் எவ்வளவு இருப்பு இருந்தாலும் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க இயலாது என்று அறிந்தனர். காசோலை வழியாகவோ அட்டை வழியாகவோ பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகலாம். கைக்கு மட்டும் வராது. இந்த ஆணைக்கு மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் 'கொர்ராலித்தோ'. ஸ்பானிய மொழியில் 'கொர்ரால்' என்பது ஆடுமாடுகளை அடைக்கும் பட்டி. '-இத்தோ' சிறுமைப் பொருள் தரும் விகுதி. தவழும் குழந்தை வெளியே போய்விடாதபடி வீட்டுக்குள் வைக்கும் சிறு அடைப்புக்கும் இதே பெயர் உண்டு. மாட்டிறைச்சியால் செழித்த ஒரு நாட்டில் இச்சொல்லுக்கு உரை தேவைப்படவில்லை: பணம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, பார்க்கலாம், ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஒரு மாதம் கழித்து நீண்டகால வைப்புத்தொகைகளும் முடக்கப்பட்டபோது சிறுமை விகுதி கழன்று பெருமை விகுதி வந்து ஒட்டிக்கொண்டது. புதிய பெயர் 'கொர்ரலோன்', பெரும்பட்டி. நெருக்கடி எவ்வளவு வளர்ந்தது என்பதை விகுதிகளே அளந்து காட்டின.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. 1989இல் அர்ஜென்டினாவின் ஆண்டுப் பணவீக்கம் 3,000 விழுக்காட்டைத் தாண்டியது. காலையில் ஒட்டிய விலைச்சீட்டு மாலைக்குள் பொய்யாகிவிடும் வாழ்க்கையைக் கண்ட மக்களுக்கு, 1991 ஏப்ரலில் வந்த மாற்றுச்சட்டம் பெரும் ஆறுதலாக இருந்தது. அதிபர் கார்லோஸ் மெனெமின் பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாயோ வடிவமைத்த அச்சட்டம் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று நிலைநிறுத்தியது. விலைகள் அடங்கின. அதே பத்தாண்டில் தொலைபேசி, இருப்புப்பாதை, எண்ணெய் நிறுவனம் ஆகியவை தனியார்மயமாயின, வேலையின்மை கூடியது, வெளிநாட்டுக் கடன் பெருகியது. 1998இல் தேக்கம் தொடங்கியது. 1999 ஜனவரியில் அண்டை நாடான பிரேசில் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தபோது, டாலரோடு கட்டுண்டிருந்த அர்ஜென்டினச் சரக்குகள் சந்தையில் விலைமிக்கவை ஆயின. 2001 முழுவதும், நிலைமையை முன்னுணர்ந்த பெருந்தொகையாளர் பலர் தம் டாலர்களை நாட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டனர். பட்டியின் கதவு மூடப்பட்டபோது உள்ளே எஞ்சியவை பெரும்பாலும் சம்பளக்காரர், ஓய்வூதியர், சிறுகடைக்காரர் ஆகியோரின் சேமிப்புகள். இதை மனத்தில் இருத்தாமல் அதன்பின் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

டிசம்பர் 19 இரவு, முற்றுகை நிலை அறிவிக்கப்பட்டதும், புவெனஸ் அயர்ஸ் மக்கள் சட்டிபானைகளைத் தட்டியபடி தெருவுக்கு வந்தனர். 'கசெரோலா' என்ற சட்டியிலிருந்து 'கசெரொலாசோ' என்ற போராட்டப் பெயர் வந்தது. இரண்டு நாட்களில் நாடெங்கும் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 20ஆம் தேதி அதிபர் ஃபெர்னாந்தோ தெ லா ருவா பதவி விலகி, மாளிகைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் வெளியேறினார். இரண்டு வாரத்துக்குள் ஐந்து பேர் அதிபர் பொறுப்பில் இருந்தனர். இடையில் வந்த அடோல்ஃபோ ரொத்ரிகஸ் சா வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார். 2002 ஜனவரியில் எதுவார்தோ துவால்தேயின் அரசு, ஒரு பெசோ ஒரு டாலர் என்ற பிணைப்பை அறுத்தது. ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு டாலர் வாங்க மூன்றரை பெசோவுக்கு மேல் தேவைப்பட்டது. வங்கியில் டாலராக இருந்த சேமிப்பு, டாலருக்கு 1.40 பெசோ என்ற கணக்கில் மாற்றப்பட்டது. வங்கிக்குத் தர வேண்டிய டாலர் கடன்களோ ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றப்பட்டன. சேமித்தவர் இழந்தார், கடன்பட்டவர் பிழைத்தார், மிகப் பெரிய கடனாளிகளுக்கே மிகுந்த சலுகை கிட்டியது. 2002இல் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 11 விழுக்காடு சுருங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் வேலையின்மை 21.5 விழுக்காடு. அக்டோபரில் நகர மக்களுள் 57.5 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டின்கீழ் இருந்தனர்.

ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் உலை வைத்தாக வேண்டும். அந்த உலைக்கு வழி தேடியவர்களின் வரலாறு, அதிபர்களின் வரலாற்றைவிடக் கூர்ந்து நோக்கத் தக்கது.

முதலில் பணப்பையைப் பார்க்கலாம். ரொக்கத் தட்டுப்பாட்டால் மாநில அரசுகள் தம் ஊழியர்க்குக் கடன்பத்திரங்களையே சம்பளமாகத் தரத் தொடங்கியிருந்தன. புவெனஸ் அயர்ஸ் மாநிலத்தின் பத்திரத்துக்கு 'பட்டக்கோன்' என்று பெயர். அது ஒரு பழைய வெள்ளி நாணயத்தின் பெயர். கோர்தொபா மாநிலத்தில் 'லெக்கோர்'. சாக்கோ மாநிலத்தில் 'கேப்ராச்சோ'; கோடரியையே முறிக்கும் என்று பேர்பெற்ற அவ்வட்டார மரத்தின் பெயர் அது. நடுவண் அரசும் 'லெக்கோப்' என்று ஒன்றை வெளியிட்டது. மதிப்பற்ற தாளுக்கு வெள்ளியின் பெயரும் வைரம்பாய்ந்த மரத்தின் பெயரும் சூட்டப்பட்டதில் ஆட்சியாளரின் கவலை தெரிகிறது: பொருளில் இல்லாத உறுதியைப் பெயராவது தரட்டும். கடைக்காரர்கள் எந்தத் தாளை எந்த அளவு வாங்குவோம் என்று வாசலில் எழுதி வைத்தனர். மெக்டொனால்ட்ஸ் உணவகம் பட்டக்கோனுக்கென்றே 'பட்டகாம்போ' என்ற உணவுத்தொகுப்பை விற்றது. ஒரு மாநிலத் தாள் அடுத்த மாநிலத்தில் செல்லாது, அல்லது தள்ளுபடியில்தான் செல்லும். ஒரே நாட்டுக்குள் பத்துக்கு மேற்பட்ட பணங்கள் புழங்கின.

மாநிலத் தாள்கூடக் கிடைக்காதவர்கள் சென்ற இடம் 'த்ருவேக்கே', அதாவது பண்டமாற்று மன்றம். புவெனஸ் அயர்ஸின் தெற்கே உள்ள பெர்னால் என்னும் ஊரில் 1995 மே 1 அன்று இருபது பேர் அளவில் கூடித் தொடங்கிய முயற்சி அது. ஒருவர் ரொட்டி சுட்டுவருவார், இன்னொருவர் பின்னலாடை கொண்டுவருவார், மூன்றாமவர் குழாய் செப்பனிடுவார். வெறுங்கையோடு வாங்கமட்டும் வருவதற்கு இடமில்லை. ஒவ்வொருவரும் விற்பவராகவும் வாங்குபவராகவும் இருக்க வேண்டும். இதற்காக 'ப்ரொசுமிதோர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டனர். ஆக்குபவர், நுகர்பவர் என்னும் இரு சொற்களின் ஒட்டு அது. 2002இல் மன்றங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. பங்கேற்றோர் இருபது இலட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

பண்டமாற்று என்றதும் தமிழ் மாணவர்க்கு உப்புக்கு நெல் மாற்றிய சங்ககால உமணர் நினைவுக்கு வருவர். பண்டமாற்றிலிருந்து பணத்துக்கு மனித குலம் வளர்ந்தது என்ற பாடநூல் வரிசையும் நினைவுக்கு வரும். பெர்னாலில் நடந்தது அந்த வரிசையில் பின்னோக்கிய நடையன்று. அங்கே நெல்லும் உப்பும் நேருக்கு நேர் மாறவில்லை. முதலில் கணக்கேட்டிலும், பிறகு 'க்ரேதித்தோ' என்னும் அச்சிட்ட தாளிலும் மதிப்புகள் பதிவாயின. இலத்தீனில் 'நம்பு' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பண்டமாற்று என்ற பழம்பெயருக்குள் இருந்தது, அரசு அச்சிடாத ஒரு புதுப்பணம். ஒருவரையொருவர் முகம் அறிந்த இருபது பேரின் நம்பிக்கையே அதன் கையிருப்பு.

அதனாலேயே அது வளர்ந்தபோது உடைந்தது. இருபது பேருக்குப் போதிய நம்பிக்கை இருபது இலட்சம் பேருக்குப் போதவில்லை. கள்ளத்தாள்கள் நுழைந்தன. போட்டி வலையமைப்புகள் அளவின்றி அச்சிட்டன. பணவீக்கத்திலிருந்து தப்பி வந்தவர்களை அங்கேயும் பணவீக்கம் பிடித்துக்கொண்டது. இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. ரொட்டி சுடுபவருக்கு மாவு வேண்டும். மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவை பெசோவுக்கே கிடைத்தன. பெசோ அறவே இல்லாத வீட்டார் வீட்டிலிருந்த பழந்துணிகளையும் பாத்திரங்களையும் கொண்டுவந்தனர். அவை தீர்ந்ததும் கொண்டுவர ஒன்றுமில்லை. மேசைகளில் பழந்துணி குவிந்தது, உணவு மறைந்தது. பண்டமாற்று மன்றம், கொஞ்சமாவது உள்ளவர்களுக்கு உதவிற்று. ஒன்றும் இல்லாதவர்களைக் கைவிட்டது. 2002 இறுதியில் மன்றங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலையற்ற குடும்பத் தலைவர், தலைவியர்க்கு மாதம் 150 பெசோ வழங்கும் அரசுத் திட்டம் அவ்வாண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது இலட்சம் பேரை எட்டியது. சிறுதொகைதான், ஆனால் அது மாவு வாங்கக்கூடிய பணம்.

ஒன்றும் இல்லாதவர்கள் தெருவுக்கு வந்தனர். மாலையில் புறநகர்களிலிருந்து தள்ளுவண்டிகளுடன் தலைநகருக்கு வந்து, இரவெல்லாம் குப்பைப் பைகளைப் பிரித்து அட்டையும் தாளும் சேர்த்தனர். பெசோவின் வீழ்ச்சியால் இறக்குமதித் தாள் விலையேறியிருந்தது. ஆகவே பழைய அட்டைக்கு விலை இருந்தது. அவர்களுக்காக இருக்கைகள் அகற்றப்பட்ட 'வெள்ளை ரயில்' ஒன்று ஹொசே லெயோன் சுவாரெஸ் பகுதியிலிருந்து நகருக்கு ஓடியது. இவர்களைக் குறித்த பெயர்களின் மாற்றம் கருதத் தக்கது. குப்பை பொறுக்குவோர்க்கு இருந்த பழைய பெயர் 'சிரூஹா', அறுவை மருத்துவரைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம் என்பர், ஏளனத்தில் பிறந்தது. நெருக்கடிக் காலத்தில் நிலைபெற்ற பெயர் 'கார்த்தொனேரோ': அட்டை என்ற பெயரோடு, நம் '-காரர்' போலத் தொழிலைக் காட்டும் விகுதி. குப்பையைத் தொடுவதே குற்றம் என்று இராணுவ ஆட்சிக்காலத்தில், 1977இல் போடப்பட்ட நகர விதியை 2002 டிசம்பரின் 992ஆம் எண் சட்டம் நீக்கி, இவர்களை 'மீட்டெடுப்போர்' என்று அழைத்தது. ஏளனப் பெயர், தொழிற்பெயர், சட்டப்பெயர் என்னும் மூன்று படிகள். எனினும் பெயர் உயர்ந்ததால் சுமை குறையவில்லை. வெள்ளை ரயிலும் 2007 இறுதியில் நிறுத்தப்பட்டது.

வேறு வழிகளும் இருந்தன. புவெனஸ் அயர்ஸின் ப்ருக்மான் ஆடைத் தொழிற்சாலையில், பெரும்பாலும் பெண்களான தையல் தொழிலாளர், சம்பளம் தராமல் உரிமையாளர் அகன்றபின் 2001 டிசம்பர் 18 இரவு அங்கேயே தங்கினர்; பிறகு தாமே ஆலையை நடத்தினர். 2003 ஏப்ரலில் காவல்துறை அவர்களை வெளியேற்றியது. அவ்வாண்டின் இறுதியில் கூட்டுறவாகத் திரும்பினர். 2003இல் தொடங்கிய எலொயீசா கார்த்தொனேரா பதிப்பகம், அட்டை சேகரிப்போரிடம் சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து அட்டை வாங்கி, கையால் வண்ணம் தீட்டி நூல்களுக்கு மேலட்டையாக்கியது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக அர்ஜென்டினர் வழங்கும் சொல் ஒன்று உண்டு: 'ரெபுஸ்கே'. எப்படியாவது ஒரு வழி கண்டு பிழைத்தல் என்பது இன்றைய பொருள். அதன் வேரான 'ரெபுஸ்கார்' என்ற வினைக்கு, அறுவடை முடிந்த வயலில் எஞ்சியதைப் பொறுக்குதல் என்ற பழம்பொருளும் உண்டு. தமிழில் வழங்கும் 'உஞ்சவிருத்தி'யின் வரலாறும் இதற்கு நெருக்கமானது: சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்தல் என்ற பொருளிலிருந்து, வீடுவீடாக அரிசி ஏற்றல் என்ற பொருளுக்கு அது வந்து சேர்ந்தது. இரு மொழிகளும் தனித்தனியே ஒன்றை அறிந்திருக்கின்றன: பொறுக்குபவர் இருக்கிறார் என்றால், முன்னரே அறுத்தவர் ஒருவர் இருக்கிறார்.

நெருக்கடியை எழுதும் ஆய்வுகளில் மக்களின் மீள்திறனைப் போற்றுவது வழக்கமாகிவிட்டது. அப்போற்றுதலில் உண்மை உண்டு. பெர்னால் மன்றத்தையும் ப்ருக்மான் பெண்களையும் போற்றாமல் இருக்க இயலாது. ஆனால் அது ஒரு கணக்கை மறைத்துவிடக் கூடும். 2003 முதல் பொருளாதாரம் மீண்டும் வேகமாக வளர்ந்தது. மாநிலத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த மீட்சிவரை நாட்டைத் தாங்கியவை, விற்ற மோதிரங்கள், இரவில் இழுத்த தள்ளுவண்டிகள், குழந்தைகளுக்குப் பரிமாறியபின் தாய் உண்ணாமல் விட்ட வேளைகள். எந்தப் புள்ளிவிவரத்திலும் செலவாகப் பதியாத செலவு அது. முன்கூட்டியே வெளியேறிய டாலர்களுக்கு அப்படி ஒரு செலவும் இல்லை. 'மக்கள் சமாளித்தார்கள்' என்று வரலாற்றில் எழுதும்போது, எதைக் கொடுத்துச் சமாளித்தார்கள், அதை யாருக்காகக் கொடுத்தார்கள் என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எழுத வேண்டும். அவையின்றி அந்த வாக்கியம் முற்றுப்பெறாது.