முன்பாரம், பின்பாரம்: அமெரிக்க வண்டி வீட்டின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டீர்கள். மணல்மேட்டு ஓரம் ஒரு வெள்ளை வண்டி. அதன் பின்பக்கச் சுவர் அப்படியே கீழே சாய்ந்து பாலம்போலத் தரையில் கிடக்கிறது. அதன்மேல் என் பேரன் மோட்டார் சைக்கிளை இறக்குகிறான். அதற்குப் பெயர் டாய் ஹாலர். பொம்மை சுமக்கும் வண்டி என்று சொல்லலாம். பொம்மை என்றால் நம் வீட்டு மரப்பாச்சி இல்லை. மணலில் ஓட்டும் மோட்டார் சைக்கிள், நாலு சக்கர பைக், இவற்றைத்தான் அங்கே செல்லமாகப் பொம்மை என்கிறார்கள். வண்டியின் பின்பாதி கொட்டகை, முன்பாதி சமையலறை, கட்டில், குளியலறை. பகலில் பொம்மைகளை இறக்கிவிட்டால் இரவில் அந்தக் கொட்டகையே படுக்கையறை. கட்டில் கூரையிலிருந்து மோட்டாரில் இறங்கி வரும்!

ஏழாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்து இப்போது டெக்சாஸில் இருக்கும் ஒருவன், "சார், நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கையில காசு கம்மி. எதைப் பாத்து வாங்கறது?" என்று கேட்டிருந்தான். அவனுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். வாத்தியார் புத்தி, 1908லிருந்துதான் தொடங்க வருகிறது. பொறுத்துக்கொள்.

அந்த வருடம்தான் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. முதலில் 850 டாலர். 1925க்குள் 260 டாலருக்கு இறங்கிவிட்டது. ரயிலின் நேரத்துக்கும் ரயில் போகும் ஊருக்கும் கட்டுப்பட்டிருந்த சாதாரண மனிதன், முதல் தடவையாகத் தன் இஷ்டத்துக்குக் கிளம்பினான். ஓட்டலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. கூடாரம், சட்டி பானை, தகர டப்பாவில் அடைத்த சாப்பாடு எல்லாவற்றையும் காரில் கட்டிக்கொண்டு போனான். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் இப்படிப்பட்டவர்கள் கூடி ஒரு சங்கமே வைத்தார்கள். பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்', தகர டப்பா யாத்ரீகர்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களின் அடையாளம். ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் கவலைப்படவில்லை.

அடுத்து வருகிறவர் எனக்கு மிகவும் பிடித்தவர். டெட்ராய்டில் மருந்துக் கம்பெனி நடத்திய ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் அறிஞர். 1929இல் குடும்பத்தோடு முகாம் போவதற்காக, காரின் பின்னால் இழுத்துப்போகும் கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கினார். சில நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரம். அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் அதை விரிக்கவே முடியவில்லை, குடும்பம் தொப்பலாக நனைந்தது. கோபத்தோடு வீட்டுக்கு வந்தவர், விரிக்கவே தேவையில்லாத, சுவரும் கூரையும் வைத்த வண்டி ஒன்றைச் செய்தார். குழந்தைகள் அதற்கு 'கவர்ட் வேகன்' என்று பெயர் வைத்தார்கள். மேற்கே குடிபெயர்ந்த பழைய அமெரிக்கர்களின் கூண்டு வண்டியின் பெயர் அது. 1930 தொடக்கத்தில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். 1936 வாக்கில் அந்த நாட்டிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையதுதான். நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்த காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விமானக்காரர்களும் இதில் புகுந்தார்கள். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டும் வேலையை மேற்பார்த்த ஹாலி பவுலஸ், 1934இல் அலுமினியத்தில் 'ரோடு சீஃப்' என்ற டிரெய்லரைச் செய்தார். 1936இல் வாலி பையமின் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் வந்தது. வெள்ளிச் சொம்பு கவிழ்த்ததுபோல இன்றும் சாலையில் ஓடுகிறதே, அதுதான். 1959இல் பையம் 41 டிரெய்லர்களைக் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்கா முழுக்க நடத்திக்கொண்டு போனார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பலர் டிரெய்லர்களில் குடியிருந்தார்கள். 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து அகலச் சாலைகள் போட்ட பிறகு எல்லோருக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. இந்தியானா மாநிலத்து எல்கார்ட் ஊர் இதன் சிவகாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசுக்குப் பதில் டிரெய்லர்.

இதுவரை பொம்மை வரவில்லை. 1968இல் யமஹா டிடி-1 வந்து, காட்டிலும் மணலிலும் ஓட்டும் மோட்டார் சைக்கிளைச் சாதாரண ஆள் கைக்குக் கொண்டுவந்தது. 1970இல் ஹோண்டா பலூன்போன்ற டயர் வைத்த மூன்று சக்கர வண்டியை இறக்கியது. அது குடைசாய்ந்து பிள்ளைகள் பலர் இறந்தார்கள். 1988இல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி மூன்று சக்கரம் விற்பது நின்றது, நாலு சக்கரம் அந்த இடத்தைப் பிடித்தது.

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் இம்பீரியல் மணல்மேடுகள் இருக்கின்றன. நீளம் 40 மைல். கிளாமிஸ் என்று அழைப்பார்கள். நவம்பர் மாத நன்றி விழா விடுமுறையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுகிற ஆண்டுகளும் உண்டு. தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு டிரக்கால் வீட்டையும் இழுக்க முடியாது, பைக் வண்டியையும் இழுக்க முடியாது. அதனால் 1980, 90களில் தெற்குக் கலிஃபோர்னியாக்காரர்கள் இரண்டையும் ஒரே பெட்டியாக்கினார்கள். பெரிய தண்ணீர்த் தொட்டி, பைக்குக்குப் போட தனியாகப் பெட்ரோல் தொட்டி, ஜெனரேட்டர், பின்னால் சாய்தளக் கதவு. டாய் ஹாலர் பிறந்தது பாலைவனத்துக்காகத்தான். வாங்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, விலை. 2008 நெருக்கடியில் இந்தத் தொழில் படுத்துவிட்டது. ரிவர்சைடில் இருந்த ஃப்ளீட்வுட் 2009இல் திவால் மனு கொடுத்தது. எல்கார்ட் வேலையின்மையைப் பார்க்க அதிபர் ஒபாமாவே அந்த ஊருக்குப் போனார். மூடிப்போன கம்பெனி வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்கென்றே செய்த ஜன்னலும் கதவும் உடைந்தால் மாற்று தேடி அலைய வேண்டும். பிறகு கொரோனா வந்தது. ஓட்டலுக்குப் போகப் பயந்தவர்கள் எல்லாம் டிரெய்லர் வாங்கினார்கள். 2021இல் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வெளியே போயின, அதுவரை இல்லாத எண்ணிக்கை. இரண்டு தடவை ஓட்டிவிட்டு வீட்டோரம் நிறுத்தியவர்கள் ஏராளம். அவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். புதிது வேண்டாம். கடன் வேண்டவே வேண்டாம்.

என் இளைய மகன் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம். பேரனுக்குப் பதினான்கு வயது, பைக் பைத்தியம். மகன் புது வண்டிக்குப் பதினைந்து வருடக் கடன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது நாங்கள் அங்கே இருந்தோம். அப்பாவும் மகனும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவனே 24 அடி நீளப் பழைய வண்டி ஒன்றின் படத்தைக் காட்டினான்.

பார்க்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி கூரை. நம் ஓட்டு வீட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, நோய் மேலிருந்துதான் இறங்கும். கூரை விளிம்பில் பசை வெடித்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் போயிருக்கும். வெளிச்சுவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கொப்புளம்போல உப்பியிருப்பது தெரியும். அடுத்தது பின்கதவு ஓரத்துத் தரை. குதிகாலால் அழுத்தினால் மெத்தென்று இறங்கக் கூடாது. டயர் பளபளவென்று இருந்ததால் விற்றவர் புது டயர் என்றார். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் உண்டு, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பேரன் குனிந்து படித்தான். எட்டு வருடத்து டயர்! ஓடாமலே கிழடாகிப் போனது. அதைச் சொல்லித்தான் 900 டாலர் குறைத்தோம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கும் காலாவதி உண்டு. பெட்ரோல் வண்டிகளோடு ஒரே அறையில் தூங்குகிறோம், அதை மட்டும் கேள்வி கேட்காமல் புதிதாக மாட்டிவிடுங்கள். பைக்கைக் கட்டும் வளையங்கள் பலகையில் இல்லாமல் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் பிடித்திருக்க வேண்டும். சாமான் என்று நாங்கள் வாங்கியது ஒரு லித்தியம் பேட்டரி, இரண்டு சூரியத் தகடு, நல்ல வார்க்கட்டுகள், அவ்வளவுதான். குளிர்காலப் பாலைவனத்துக்கு ஏசி தேவைப்படவில்லை.

இவ்வளவு பார்த்த நாங்கள் ஒன்றைக் கோட்டைவிட்டோம்.

முதல் பயணம். ஐ-8 நெடுஞ்சாலை, கிலா பெண்ட் தாண்டி யூமா நோக்கிப் போகிறோம். டிரக்கில் மகன், மருமகள், பேரன், நானும் என் மனைவியும். மணிக்கு 65 மைல். ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. பின்னால் டிரெய்லர் லேசாக ஆடியது. அடுத்த ஆட்டம் பெரிதாக, அதற்கடுத்தது இன்னும் பெரிதாக. டிரக்கின் பின்பாகத்தையே இடமும் வலமும் இழுத்தது. மருமகள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி முருகனைக் கூப்பிட்டாள். மகன் டிரக் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் கைப்பிடியை மெதுவாக அழுத்தினான். ஆட்டம் அடங்கியது. அடுத்த வெளிவழியில் இறங்கி ஓரம் நிறுத்தினோம். யாருக்கும் பேச்சு வரவில்லை.

நான் இறங்கிப் பின்கதவுப் பக்கம் போனேன். நாலு சக்கர பைக்கும் இரண்டு மோட்டார் சைக்கிளும் கதவை ஒட்டிக் கடைசியில் நின்றன. ஏன் இப்படி என்று கேட்டேன். "வழியில அம்மா பாத்ரூம் போகணும்னா உள்ள நடக்க இடம் வேணுமேப்பா, அதான்" என்றான். எங்களுக்காகத்தான் செய்திருக்கிறான்.

எனக்கு எங்கள் அப்பாவின் மாட்டுவண்டி கண்முன் வந்தது. நெல் மூட்டை ஏற்றும்போது அவர் சொல்லும் சொல் ஒன்றுதான்: "பின்பாரம் ஆக்காதே." அச்சுக்குப் பின்னால் கனம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். ரொம்ப முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்துப் புண்ணாகும். இங்கே மாட்டுக்குப் பதில் டிரக். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும் என்பது டிரெய்லர் கணக்கு. டாய் ஹாலரில் கனமான பொருள் அச்சுக்குப் பின்னால் ஏறும் என்பதால், காலியாக இருக்கும்போது கொக்கி கனமாகவே இருக்கும்படி செய்கிறார்கள். காலி வண்டியை இழுத்துப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று நம்பிவிட்டோம்.

அங்கேயே எல்லாவற்றையும் இறக்கி, பைக்குகளை முன்னுக்குத் தள்ளிக் கட்டினோம். அரிசி, மெத்தை, மடக்கு நாற்காலி எல்லாம் பின்னுக்குப் போயின. என் மனைவி, "நான் பெட்ரோல் பங்க்ல போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பிறகு ஆட்டமே இல்லை.

ஊர் திரும்பியதும் மகன் இரண்டு விதமாகவும் ஏற்றி அளந்து பார்த்தான். எடைமேடையில் மொத்தம் 8,900 பவுண்டு. பழைய அடுக்கில் கொக்கியில் 620, அதாவது 7 சதவீதம். புது அடுக்கில் 1,000, பதினொன்றுக்குச் சற்று மேல். எடை ஒன்றுதான், இடம் மட்டும்தான் மாறியது.

டெக்சாஸ் தம்பிக்கு: வண்டியின் கதவருகே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று போட்டிருக்கும். எங்களுடையதில் 2,900 பவுண்டு. 100 கேலன் தண்ணீரே 834. மூன்று பொம்மை 1,100. 30 கேலன் பெட்ரோல் 180. சாப்பாடு, துணி, கருவிகள் 500 என்று வை. மிச்சம் 300கூட இல்லை. விலை பேசுவதற்கு முன்னால் உன் பொம்மைகளின் எடையையும், அந்த ஸ்டிக்கரையும், உன் டிரக் கதவில் இருக்கும் ஸ்டிக்கரையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்றும் குனிந்து பார்த்துச் சொல். இந்திய நேரம் காலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.