கேட்கப்படாத வாக்கு

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் கமரூன் என்றொரு நாடு உண்டு. முதல் உலகப் போர் முடிந்தபின் அதன் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரரிடமும், எஞ்சிய சிறுபகுதி பிரித்தானியரிடமும் சென்றது. 1961-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 11-ஆம் நாள், பிரித்தானியர் ஆண்ட பகுதியின் மக்கள் ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் வாக்களிக்கத் திரண்டனர். நைஜீரியாவுடன் சேர்கின்றீர்களா, கமரூன் குடியரசுடன் சேர்கின்றீர்களா என்பதே அவர்களிடம் கேட்கப்பட்ட வினா. இரண்டும் வேண்டாம், தனித்தே நிற்போம் என்று எண்ணியோரும் அங்கே இருந்தனர். அவ்வெண்ணத்துக்கு வினாவில் இடம் வைக்கப்படவில்லை. வட பகுதி நைஜீரியாவையும், தென் பகுதி கமரூனையும் சென்றடைந்தன.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1956 மே 9-ஆம் நாள், பிரித்தானியத் தோகோலாந்திலும் இத்தகைய வாக்கெடுப்பு ஒன்று நிகழ்ந்தது. விடுதலை பெறப்போகும் பொற்கரை நாட்டுடன் இணைவதா, ஐக்கிய நாடுகளின் பொறுப்பாட்சியில் நீடிப்பதா என்று கேட்டனர். நூற்றுக்கு 58 பேர் இணைவதற்கு உடன்பட்டனர். தென் பகுதியில் பெரும்பாலோர் மறுத்திருந்தும், எல்லா வாக்குகளும் ஒரே தொகையாக எண்ணப்பட்டன. மறுவருடம் மார்ச் 6-ஆம் நாள் அந்நிலம் முழுவதும் கானா நாட்டின் பகுதியாயிற்று.

இவ்வாறு பிறநாட்டார் வினாவை வகுத்து, பிறநாட்டார் எண்ணும் முறையையும் வகுத்தனர். ஆயினும் அம்மக்களிடம் ஒரு வினாவேனும் கேட்கப்பட்டது. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் கதை அதனினும் விந்தையானது. அவர்களுடைய வாக்கும் குடியுரிமையும் இலண்டனிலும் டில்லியிலும் கொழும்பிலும் பலமுறை தீர்மானிக்கப்பட்டன. அவர்களை யாரும் ஒருமுறையும் கேட்டிலர்.

நுவரெலியாவுக்குக் கிழக்கே, கந்தப்பளையையும் இராகலையையும் கடந்து சென்றால் உடப்புசல்லாவை. 1904-ஆம் ஆண்டளவில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை ஒரு சிற்றகலப் புகையிரதப் பாதை போடப்பட்டது. ஏறத்தாழ 19 மைல் நீளமுள்ள அப்பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். தேயிலைப் பெட்டிகள் அதன் வழியே இறங்கின. அரிசி மூட்டைகளும் புதிதாகப் பிடிக்கப்பட்ட ஆட்களும் அதன் வழியே ஏறினர். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை முடிந்து, தலைமன்னார் வழியாகக் கங்காணியின் பின்னே வந்தவர்களுக்குப் பிரட்டுக் களத்தில் பெயர் எழுதப்பட்டது. செக்ரோல் என்னும் அந்தத் தோட்டப் பதிவேடு ஒன்றே பல்லாண்டுகள் வரை அவர்கள் இந்நாட்டில் இருந்தமைக்குச் சான்று.

அவர்களுக்கு முதன்முதல் வாக்குரிமை வழங்கியது இலண்டன்தான். 1927-இன் இறுதியில் வந்த டொனமூர் ஆணைக்குழு, மறுவருடம் வெளியிட்ட அறிக்கையில் இலங்கையில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கலாம் என்றது. தோட்டத் தொழிலாளரும் ஐந்தாண்டுகள் வசித்திருந்தால் அவ்வுரிமைக்கு உரியவர் என்பது அதன் கருத்து. கண்டிப் பகுதித் தலைவர்கள் இதனை அஞ்சினர். அவ்வச்சத்தை வெறும் பகைமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 1840-ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டத்தின் துணையால் மலைச்சரிவுகள் தோட்டக்காரர் கைக்குச் சென்றதை அக்கிராமத்தார் மறந்தாரல்லர். நிலத்தை எடுத்தவர் வெள்ளைத் துரைமார். கண்ணெதிரே நின்றவரோ கொழுந்து பறிப்பவர். சினம் யாரை நோக்கித் திரும்பியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆளுநர் ஸ்டான்லி இரு சாராரையும் அமைதிப்படுத்த முனைந்து, நிரந்தர வாசத்தை மெய்ப்பிக்கும் நிபந்தனைகளைச் சேர்த்தார். அந்த ஏற்பாட்டுடன் சட்டசபை 1929 டிசம்பரில் 19 வாக்குகளுக்கு 17 என்ற கணக்கில் திட்டத்தை ஏற்றது. இரண்டே இரண்டு வாக்கு வேறுபாடு. 1931-இல் நடந்த தேர்தலில் அட்டனிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று தொழில் அமைச்சரும் ஆனார். 1936-இல் அதே தொகுதியில் கோ. நடேசய்யர் வென்றார். இந்தியத் தமிழ் வாக்காளர் தொகை 1931-இல் சுமார் 1 இலட்சமாக இருந்து, 1939-இல் ஏறத்தாழ 2,25,000 ஆக உயர்ந்தது. அதன்பின் விதிகள் இறுக்கப்பட்டு, தொகை இறங்கத் தொடங்கிற்று.

1939-ஆம் ஆண்டிலேதான் டில்லியின் நிழல் மலைநாட்டின்மீது நேராக விழுந்தது. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலியாக இருந்த இந்தியரை இலங்கை அரசு திருப்பியனுப்ப முற்பட்டபோது, ஜவஹர்லால் நேரு ஜூலை மாதம் கொழும்புக்கு வந்தார். அவர் முன்னிலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. கொழும்புக்குச் சினத்தைக் காட்டுவதற்காக எடுத்த அந்நடவடிக்கை, கடலின் இருபுறமும் குடும்பம் வைத்திருந்தவர்களையே முதலில் வருத்தியது. 1940-இலும் 1941-இலும் இரு அரசுகளும் பேசின. 1941-இல் ஒரு கூட்டறிக்கை கூட எழுதப்பட்டது. அது நிறைவேறவில்லை.

போர் முடிந்து விடுதலை நெருங்கியது. இலங்கையில் விடுதலைக்கென மக்கள் வாக்கெடுப்பு ஒன்றும் நடைபெறவில்லை. சோல்பரி ஆணைக்குழுவின் முடிவுகளைத் தழுவிப் பிரித்தானியர் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை 1945 நவம்பரில் அரசாங்க சபை ஏற்றதே அதற்கு ஈடான நிகழ்ச்சி. ஏற்றோர் 51 பேர், எதிர்த்தோர் மூவர். ஒருவர் டபிள்யூ. தகநாயக்கா. மற்ற இருவரும் இந்தியத் தமிழ் உறுப்பினர். நாடே மகிழ்ந்த வேளையில் அவ்விருவர் மட்டும் கைதூக்க மறுத்ததன் காரணம் மூன்றாண்டுக்குள் வெளிப்பட்டது. புதிய அரசியலமைப்பில் எந்தச் சமூகத்துக்கும் தனிப்பட்ட இடையூறு செய்யும் சட்டம் இயற்றலாகாது என்று 29-ஆம் பிரிவு கூறியது உண்மையே. ஆனால் யார் இந்நாட்டுக் குடிமக்கள் என்னும் வினாவை இலண்டன் வருங்காலப் பாராளுமன்றத்தின் கையில் விட்டுவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்கா விமானத்தளத்தையும் பயன்படுத்தும் உரிமைக்கு 1947 நவம்பரில் உடன்படிக்கை செய்துகொள்ள அது மறக்கவில்லை. தன் கப்பல்களுக்கு எழுத்திலே உறுதி வாங்கிய பேரரசு, தான் கொணர்ந்து குடியேற்றிய மக்களுக்கு அத்தகைய உறுதியை வாங்கவில்லை.

1947 தேர்தலில் அம்மக்கள் வாக்களித்தார்கள். நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் எனக் காங்கிரஸ் உறுப்பினர் பலர் பாராளுமன்றம் புகுந்தனர். வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. ஆளும் கட்சிக்கு இது அபாய அறிகுறியாகத் தோன்றியது. 1946-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியத் தமிழர் 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 12.

1948 பெப்ருவரி 4-இல் விடுதலை வந்தது. அதே ஆண்டு நவம்பர் 15-இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு என்பதையே அறியாத லயன் அறைகளில் பூட்டனின் பிறப்புக்கு அத்தாட்சி தேடச் சொன்னார்கள். 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு பக்கவாசலைத் திறந்தது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வசித்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது அது. ஊரிலே தாய் இறந்தபோது சென்று வந்த பயணமும், உறவினருக்கு அனுப்பிய பணமும் விண்ணப்பதாரருக்கு எதிரான சான்றாயின. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. அதே 1949-இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதார் பெயர்கள் இடாப்பிலிருந்து அகன்றன.

அந்த ஆண்டில்தான் உடப்புசல்லாவைப் புகையிரதமும் நின்றது என்பர் சிலர். அது ஓராண்டு முந்தியது; 1948-இலேயே பாதை மூடப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை. எனினும் முதியோர் நினைவில் இரண்டும் ஒன்றாய்க் கலந்துகிடந்ததில் வியப்பில்லை.

1952 ஏப்ரலில் காங்கிரஸ் தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அடுத்த மாதத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் தம் பிரதிநிதி ஒருவரைத்தானும் அனுப்ப இயலவில்லை. தொகுதிகளோ 1946-இல் மொத்த மக்கட்தொகையைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அவர்களுடைய தலைகள் தொகுதிக் கணக்கில் எண்ணப்பட்டன. அவர்களுடைய கைகள் வாக்குச் சாவடியில் எண்ணப்படவில்லை. வழக்கு இலண்டன் வரை போயிற்று. 1953-இல் பிரிவி கவுன்சில், இச்சட்டங்கள் 29-ஆம் பிரிவுக்கு முரணானவை அல்ல என்று தீர்ப்பளித்தது.

டில்லியின் நிலை என்ன? நேரு ஒரு கொள்கையைப் பற்றி நின்றார். இலங்கையில் வேரூன்றியவர் இலங்கையின் பொறுப்பு; இலங்கை தள்ளிவிட்டதனாலேயே எவரும் இந்தியக் குடிமகன் ஆகிவிடார் என்றார். சர். ஜோன் கொத்தலாவலையுடன் 1954 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்திலும் இக்கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கொள்கை நேர்மையானதே. ஆனால் இரு அரசுகளும் தத்தம் கொள்கையில் உறுதியாய் நின்ற இடைவெளியில், நாடற்றவர் என்னும் பெயரோடு ஒரு மக்கட்கூட்டம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. நேரு 1964 மே மாதம் மறைந்தார். சீனப் போரின் வடு ஆறாத இந்தியாவுக்கு அயலவரின் நட்பு அப்போது மிகவும் வேண்டியிருந்தது. அப்போருக்குப்பின் கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டிச் சமரசம் பேச முயன்றவர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா. அக்டோபர் 30-ஆம் நாள் அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அம்மிச்சத்தை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். எந்தக் குடும்பம் எந்த எண்ணுக்குள் அடங்கும் என்பது கையெழுத்திட்டபோது எவருக்கும் தெரியாது.

இதன் பின்னரே, எவரும் திட்டமிடாமல், மலைநாட்டில் ஒருவகை வாக்கெடுப்பு நிகழ்ந்தது. ஒப்பந்தத்தின்படி ஒவ்வொருவரும் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதைத் தாமே எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1970 வரை இந்தியாவுக்கென எழுதியவர் 5,25,000 என்ற எண்ணை எட்டவில்லை. சுமார் 4 இலட்சம் பேரே. இலங்கைக்கென எழுதியவர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒதுக்கப்பட்ட இடமோ 3 இலட்சம். வாக்குச் சாவடியும் மேற்பார்வையாளரும் இல்லாத அவ்விண்ணப்பத் தாள்களில், எது தம் நாடு என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். ஒரு லயத்தின் ஓர் அறை இலங்கைக்கும் அடுத்த அறை இந்தியாவுக்கும் எழுதியதுண்டு. தலைமன்னார்த் துறையில் கப்பலேறியவரைக் கட்டிக்கொண்டு அழுத உறவினர், மறுநாள் பிரட்டுக்குத் திரும்ப வேண்டும். சென்றவருள் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடையைத் தூக்கினர். 1984-இல் போரினால் கப்பல் நின்றது. செல்ல வேண்டியவராய் எழுதப்பட்டிருந்த பலர் செல்லாமலே தங்கினர்.

1977-இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் தெரிவானார். முதல் வெற்றிக்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள். 1986-இலும் 1988-இலும் வந்த சட்டங்கள் நாடற்றோர் பலரைக் குடிமக்களாக்கின. எஞ்சியோருக்கென 2003 நவம்பரில் இயற்றிய சட்டம் எளிமையானது. பூட்டனின் பிறப்பை அது கேட்கவில்லை, செக்ரோலையும் கேட்கவில்லை. குறித்த ஒரு நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இந்நாட்டுக் குடிமக்கள் என்றது. அச்சட்டம் குறித்த நாள் 1964 அக்டோபர் 30.