மனைவிக்காக ஒட்டிய பிளாஸ்திரி

போன வாரம், ஓபி முடியுற நேரம். அறுபது வயசு இருக்கும், ஒரு அய்யா தன் மனைவியைக் கூட்டிட்டு வந்தார். அந்தம்மாவோட இடது கை ஆள்காட்டி விரல்ல கறுப்பு இன்சுலேஷன் டேப். கரண்டு வயர்ல சுத்துவாங்களே, அதேதான்.

முந்தின நாள் ராத்திரி அரிவாள்மனையில் மீன் அரியும்போது வெட்டியிருக்கு. அய்யா வயரிங் வேலை பார்ப்பவர். துவைச்ச வேட்டியில் ஒரு துண்டு கிழிச்சு, நாலா மடிச்சு, வெட்டு மேல வச்சு, டேப்பை இறுக்கி நாலு சுத்து சுத்திட்டார்.

விரல் நுனி நீலம் பாரிச்சிருந்தது. பார்த்ததும் சத்தம் போட்டுட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அந்தம்மாதான் சொன்னாங்க, "அவரைத் திட்டாதீங்க சார். ரத்தம் நிக்கவே இல்ல. கடையெல்லாம் அடைச்சிருந்துச்சு. அவருக்குக் கை நடுங்குது, அப்பவும் கட்டி விட்டாரு."

டேப்பை வெட்டி எடுத்ததும் விரலுக்கு நிறம் திரும்பிருச்சு. தையல் தேவைப்படல. கழுவி, மருந்து வச்சு, டிடி ஊசி போட்டு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் ஒரு கணவர் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். இன்னைக்கு மெடிக்கல் ஷாப்ல நாம வாங்குற பிளாஸ்திரி அங்கிருந்துதான் வந்தது.

அவர் பெயர் எர்ல் டிக்சன். நியூ ஜெர்சி மாநிலம், நியூ பிரன்ஸ்விக் ஊர். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிக்குப் பஞ்சு கொள்முதல் செய்யும் வேலை. டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. 1917ல ஜோசபினைத் திருமணம் செய்கிறார். சமைக்கும்போது ஜோசபினுக்கு அடிக்கடி கத்தி பட்டுவிடும், இல்லைன்னா சூடு பட்டுவிடும்.

இந்தக் கதையைச் சொல்ற பலர் "கவனமில்லாத மனைவி"ன்னு சிரிச்சுக்கிட்டே ஆரம்பிப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. தினமும் கத்தி, அடுப்போடு நிக்கிற எந்தக் கையை வேணா திருப்பிப் பாருங்க, ரெண்டு தழும்பாவது இருக்கும்.

அப்போ காயத்துக்குக் கட்டு போடணும்னா காஸ் துணியைத் தனியா வெட்டணும், ஒட்டுற டேப்பைத் தனியா வெட்டணும், சேர்த்துப் பிடிச்சு ஒட்டணும். விரல்ல அது நிக்காது, கழன்டுரும். அதைவிடப் பெரிய சிக்கல், இதைச் செய்ய ரெண்டு கை வேணும். கணவர் வேலைக்குப் போன பிறகு வெட்டிக்கிட்டா? வெட்டுப்பட்ட கையை வச்சுக்கிட்டு ஒத்தைக் கையால என்ன செய்ய முடியும்?

1920ல டிக்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒட்டும் டேப்பை நீளமாக விரித்து, இடைவெளி விட்டு நடுநடுவே காஸ் துணியை மடித்து வைத்தார். பசை காயாமலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலும் இருக்க, மேலே கிரினோலின் என்ற விறைப்பான துணியைப் போர்த்திச் சுருட்டி வைத்துவிட்டார். ஜோசபின் வேண்டிய அளவு வெட்டி, மேல் துணியை உரித்து, தானே ஒட்டிக்கொள்ளலாம்.

நான் இதில் பார்ப்பது அறிவை மட்டும் இல்லை. தான் வீட்டில் இல்லாத நேரத்தையும் யோசிச்சிருக்கார் மனுஷன்.

"ஒரு சின்ன வெட்டுக்கு இவ்வளவா?"ன்னு நீங்க கேக்கலாம். அந்தக் காலத்தில் சின்ன வெட்டு சின்ன விஷயம் இல்லைங்க. 1924ல அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் மகன், 16 வயசு, சாக்ஸ் போடாம டென்னிஸ் ஆடியதில் கால் விரலில் கொப்புளம் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்து, ஒரு வாரத்தில் பையன் இறந்துபோனான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலைமை. பெனிசிலின் கண்டுபிடித்ததே 1928ல. மக்கள் கைக்கு வந்தது 1940களில்.

டிக்சன் செய்ததைக் கம்பெனி 1921ல விற்பனைக்குக் கொண்டு வந்தது. 18 அங்குல நீளம், கையாலேயே தயாரித்தது. முதல் வருஷ விற்பனை வெறும் 3,000 டாலர். யாருக்கும் எப்படிப் பயன்படுத்துறதுன்னு தெரியல. சாரணர் பையன்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். 1924ல இயந்திரத் தயாரிப்பு, 1939ல முழுக்கக் கிருமி நீக்கிய பிளாஸ்திரி. டிக்சன் அதே கம்பெனியில் துணைத் தலைவர் வரை உயர்ந்து, 1961ல காலமானார்.

ரொம்ப வருஷம் இது மூடி வச்ச தகர டப்பாவில்தான் வந்தது. எங்க அப்பாயி கிட்ட அப்படி ஒண்ணு இருந்துச்சு. சிங்கப்பூர் சொந்தக்காரர் யாரோ கொடுத்தது. நான் பார்க்கும்போது அதுல பிளாஸ்திரி இல்லை. ஊசி, நூல்கண்டு, ஊக்கு, சட்டைப் பட்டன், தேய்ஞ்சுபோன ஒரு அஞ்சு பைசா. எனக்கு முழங்கால் பேர்ந்தா காப்பித்தூளை அப்பிட்டு, பழைய சீலைத் துணி கிழிச்சுக் கட்டுவாங்க. அந்த டப்பா மூடி திறக்கும் சத்தம் இப்பவும் காதுல இருக்கு. காப்பித்தூளை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

வெட்டுப்பட்டா சுத்தமான துணியால பத்து நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க, கையை உயர்த்தி வைங்க. குழாய்த் தண்ணியில கழுவுங்க. காப்பித்தூள், மஞ்சள், பேஸ்ட் எதுவும் வேண்டாம். எதை ஒட்டினாலும் விரலைச் சுத்தி இறுக்காதீங்க. நுனி நீலமானாலோ மரத்துப்போனாலோ உடனே கழட்டுங்க. ஆழமான வெட்டு, விரலை மடக்க முடியல, சர்க்கரை நோய் இருக்குன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. ராத்திரியா இருந்தாலும் வாங்க. அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவை அடைக்கிறதே இல்லை.

மூணாம் நாள் ரெண்டு பேரும் கட்டு மாத்த வந்தாங்க. அன்னைக்குச் சத்தம் போட்டதுக்கு அய்யாகிட்ட வருத்தம் சொன்னேன். "நீங்க வச்ச துணி சரிங்கய்யா, சுத்தினதுதான் தப்பு"ன்னு பிளாஸ்திரி ஒட்டிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக் கவனமாப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையைத் திறந்து காட்டினார். டெஸ்டருக்குப் பக்கத்துல பத்து பிளாஸ்திரி.

"அந்தத் தெருக் கடையிலேயே இருந்துச்சு சார்"னார்.